சேட்டனுக்கு ஒரு கோடி

தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, இரண்டு ஆரஞ்சுப் பழம். அவற்றின் மேல் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த ஒரு வேட்டி. சம்பந்தியம்மா அதை எங்கள் வீட்டு டீவிக்கு முன்னால் இருந்த மேசையில் வைத்துவிட்டு, என் கணவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"சேட்டனுக்குக் கோடி கொண்டு வந்திருக்கேன். இந்த வருஷம் முதல் கோடி சேட்டனுக்குத்தான், கேட்டோ."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் வீடுகளில் கோடி என்ற சொல் சாதாரணமாக வாயில் வராது. செத்தவரைக் குளிப்பாட்டிப் புதுத் துணி போடுகிறோமே, அதற்குப் பெயர் கோடி. கணவனை இழந்தவளுக்குக் கருமாதியன்று பிறந்த வீட்டார் கொண்டுவந்து போடும் சேலைக்கும் பெயர் கோடி. தீபாவளிக்கு எடுப்பது புதுத் துணி, கல்யாணத்துக்கு எடுப்பது கூறைப்புடவை. கோடி என்று யாராவது சொன்னால், எந்த வீட்டில் சாவு என்றுதான் கேட்போம். என் கணவருக்கு அப்போது இதயக் குழாயில் மூன்று அடைப்பு. அடுத்த மாதம் கோலாலம்பூரில் நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய நாள் கொடுத்திருந்தார்கள். இதெல்லாம் சம்பந்தியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

என் கணவர் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் ஆள். "ஒரு கோடியா? ரிங்கிட்டா, ரூப்பியாவா?" என்று கேட்டார். சம்பந்தியம்மா சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தான், என் மகளும் சேர்ந்து சிரித்தாள். நான் காப்பி கலக்குகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செனாவாங்கில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் சர்க்யூட் பலகையை வைத்து, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் வேலை. குறையில்லாத பலகையைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வராது. எங்கோ ஒளிந்திருக்கிறது, என் கண்ணுக்குத்தான் படவில்லை என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். வேலையிலிருந்து நின்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. லுக்குட் பாசாரில் நான் வருவதைப் பார்த்தாலே மீன்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஒவ்வொரு கெம்போங் மீனின் செவுளையும் தூக்கிப் பார்க்காமல் நான் நகர மாட்டேன்.

மலையாளிகள் மேல் எனக்கு இருந்த சந்தேகம் தொழிற்சாலையில் பிடித்ததல்ல, பிறந்த வீட்டுச் சீர். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். அவர் தோட்டத்து ஆபீசில் பேனா பிடித்த கிராணி மலையாளி. பால் நிறுக்கும்போது அந்தக் கிராணி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தன்னைப் பார்த்த பார்வையை அப்பா சாகும்வரை பேசினார். போதாததற்கு, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் யாருக்காவது காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்தால், இது மலையாளத்து மாந்திரீகம் என்று பெண்கள் கிசுகிசுப்பார்கள். எந்த மலையாளி செய்தான், எதற்குச் செய்தான் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட என் வீட்டில், என் ஒரே மகள் பகாவ் பக்கத்து ஒரு கிராணியின் பேரனைக் காதலித்தாள். நான் ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் அதற்காக நிற்கவில்லை. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, ஐந்து வருடத்துக்கு முன்னால் போய்விட்டார். சம்பந்தியம்மா ஒற்றை ஆளாக நின்று மண்டபம் பிடித்து, சமையல் பார்த்து, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முதல் பந்தி போட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. பேசும்போது கடைசியில் 'கேட்டோ' என்று முடிப்பார். கேட்கிறாரா, கேட்டுக்கொள் என்கிறாரா என்று எனக்குப் பிடிபடாது. என் கணவரைச் சேட்டன் என்பார். அண்ணன் என்றுதான் பொருள், தெரியும். ஆனால் எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் காதில் விழுந்தால் சைத்தானைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பாரே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் நான் கதவைச் சாத்தினேன்.

"வேட்டி நல்லா இருக்குலா," என்றார் அவர். "ஓரத்துல பாரு, தங்கக் கரை. ஓணத்தன்னிக்கு இதத்தான் கட்டப்போறேன்."

"அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ பாக்கணும்," என்றேன்.

அவர் குளிக்கப் போனபோது உறையைப் பிரித்தேன். சந்தன நிறம், இரண்டு விரல் அகலக் கரை. ஒரு மூலையில் மஞ்சள் கறை. தொழிற்சாலைத் தோழிகள் பிரிவுப் பரிசாகக் கொடுத்த பூதக்கண்ணாடி ஒன்று என்னிடம் உண்டு. அதை எடுத்துவந்து பார்த்தேன். மஞ்சள்தான். வேண்டுமென்றே விரலால் தொட்டு வைத்தது. நாமும்தான் புதுத் துணியின் ஓரத்தில் மஞ்சள் வைக்கிறோம். ஆனால் நாம் வைப்பது வேறு, அவர்கள் வைப்பது வேறு என்று எனக்குப் பட்டது. எப்படி வேறு என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. திரும்ப மடித்து உறைக்குள் போட்டு, சமையலறையில் அரிசி டின்னுக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

மகளுக்குப் போன் போட்டேன்.

"உங்கப்பாவ உயிரோட வெச்சிக்கிட்டு உன் மாமியா கோடி கொண்டாந்து குடுத்திட்டுப் போறாங்களே, உனக்குச் சிரிப்பா இருக்கா?"

"அம்மா, அது ஓணக்கோடிம்மா. ஓணத்துக்குக் குடுக்கற புதுத் துணிக்கு அவங்க அப்படித்தான் சொல்வாங்க. வீட்டுல எல்லாருக்கும் குடுப்பாங்க. கைக்கொழந்தைக்குக்கூடக் குடுப்பாங்க."

"அவங்க சொல்லிக் குடுத்தத நீ சொல்ற."

"இண்டர்நெட்ல பாருங்கம்மா."

"இண்டர்நெட்ட யாரு எழுதுறா?"

 "ஓணத்துக்கு வருவீங்களாம்மா?" என்று கேட்டாள் அவள். கல்யாணமாகி அவளுக்கு அது முதல் ஓணம். அந்தக் குரலில் ஒரு பயம் இருந்தது. நான் வராமல் போனால் மாமியார் வீட்டில் தலை நிமிர முடியாதே என்ற பயம். வருகிறேன் என்றேன். போகாமல் இருந்தால் அங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்.

ஓணத்தன்று காலையில் அவர் வேட்டியைக் கேட்டார். கரையில் பூச்சி இருந்தது, வெயிலில் போட வேண்டும் என்றேன். புதுத் துணியில் என்ன பூச்சி என்று முணுமுணுத்துக்கொண்டே பழைய பட்டுக்கரை வேட்டியைக் கட்டிக்கொண்டார். சிரம்பான், குவாலா பிலா வழியாகப் பகாவ் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமானது. வழியெல்லாம் இரண்டு பக்கமும் செம்பனைதான். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தார். நான் அவர் மூச்சைக் கவனித்துக்கொண்டே வந்தேன்.

சம்பந்தி வீட்டு வாசலில் பெரிய பூக்கோலம். வட்டத்துக்குள் வட்டமாக, செவ்வந்தி, காகிதப்பூ, இட்லிப்பூ. பச்சைக்கு ரம்பை இலையை நறுக்கிப் போட்டிருந்தார்கள். பத்து நாளாகத் தினமும் ஒரு வட்டம் கூட்டியதாக மகள் சொன்னாள். அதில் அவள் கையும் உண்டு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோலத்துக்குப் பக்கத்தில், வாழையிலை விரித்த பலகைமேல், களிமண்ணால் பிடித்த கூம்புகள் மூன்று நின்றன. உச்சி தட்டையாக இருந்தது. மேலே அரிசி மாவைக் கரைத்து ஊற்றி, பூவைக் குத்தி வைத்திருந்தார்கள். வாசலில் மண் பொம்மை, மாவு, பூ. லயத்துப் பெண்கள் கிசுகிசுத்ததெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பதாகத் தோன்றியது.

"இது என்னா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"ஓணத்தப்பன், அத்தை. மாவேலி ராஜா இன்னிக்கு எல்லார் வீட்டுக்கும் வருவாரு. அவர வரவேற்கத்தான்."

"எங்கேருந்து வருவாரு?"

"பாதாளத்திலேருந்து. வாமனர் தலையில கால வெச்சு அனுப்பினாருல்ல. வருஷத்துக்கு ஒரு நாள் மேல வர பெர்மிஷன்."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நெஞ்சில் மூன்று அடைப்போடு வந்திருக்கும் ஒரு மனிதரை, பாதாளத்திலிருந்து ஆள் வரும் வாசல் வழியாகவா உள்ளே கூட்டிப் போவார்கள் என்றுதான் நான் யோசித்தேன். அவர் செருப்பைக் கழற்றி, கூம்புகளைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் சமையலறை வழியாகப் போனேன்.

உள்ளே வீட்டு ஆண்கள், பிள்ளைகள் எல்லோரும் சந்தன நிறத்தில், தங்கக் கரையோடு இருந்தார்கள். சம்பந்தியம்மாவின் கண் என் கணவரின் இடுப்பில் ஒரு நொடி நின்றது. பழைய வேட்டி.  ஏன் என்று கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கூடத்தில் பாய் விரித்து, வாழையிலை போட்டார்கள். நுனி இடது பக்கம், நம்மைப் போலத்தான். வாழைக்காய் வறுவல், வெல்லம் பிரட்டிய உப்பேரி, புளி இஞ்சி, ஓலன், காளன், அவியல், எரிசேரி. ஒவ்வொன்றும் இலையில் விழ விழ நான் முதலில் மோந்து பார்த்தேன். காளனில் தயிரும் மிளகும். ஓலனில் பூசணியும் தேங்காய்ப்பாலும். எதிலும் எனக்குத் தெரியாத ஒன்றும் இல்லை. புளி இஞ்சி அவ்வளவு நன்றாக இருந்ததால் அதை மட்டும் ஒதுக்கிவைத்தேன்.

என் கணவரைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில், முதல் இலையில் உட்கார வைத்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் சம்பந்தியம்மா ஒரு துணிமூட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் உறவுக்காரப் பிள்ளைகளுக்கும் எடுத்த கோடி. வீட்டுக்குப் பெரியவர்தான் கொடுக்க வேண்டுமாம். பிள்ளைகள் வரிசையாக வந்து காலைத் தொட, அவர் ஒவ்வொரு துணியாக எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேலி. கடைசியாக மாப்பிள்ளை வந்து குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

சுவரில் மாலை போட்ட படத்தில் மாப்பிள்ளையின் அப்பா. அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் என் கணவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். போனவரின் இடத்தில் இவரை உட்கார வைக்கிறார்கள். போனவர் கொடுத்ததை இவரைக் கொடுக்க வைக்கிறார்கள். அடுத்தது என்ன? சோற்றைப் பாதியில் விட்டு இலையை மடித்தேன்.

பாத்திரம் எடுத்துவைக்கும் சாக்கில் சமையலறைக்குப் போனேன். சம்பந்தியம்மா பாயசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கோடி புடிக்கலையா?"

"அதெல்லாம் இல்ல. இடுப்புக்குப் பத்தல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. வேட்டி யாருக்காவது பத்தாமல் போகுமா? என் கணவரைப் போல இரண்டு பேரைச் சுற்றலாம். சம்பந்தியம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்படியா," என்றார். "அவரு போனப்புறம் இந்த வீட்டுல கோடி குடுக்க மூத்தவங்க யாரும் இல்ல. அஞ்சு வருஷமா நான் கட்டில்மேல வெச்சிடுவேன், பிள்ளைங்க அவங்கவங்க எடுத்துப்பாங்க. இந்த வருஷந்தான் எம்மகன் சொன்னான், அப்பா இருக்காருல்லன்னு. சேட்டனத்தான் சொன்னான்."

அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது. நான் அதையும் புரட்டிப் பார்த்தேன். இவ்வளவு பொருத்தமாக ஒருவர் பதில் சொல்கிறார் என்றால் முன்பே யோசித்து வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பாயசம் ஆறுவதற்குள் என் கணவருக்கு மருந்து நேரம் என்று சொல்லி, அவரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாசல்வரை வந்த மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அறுவை நல்லபடியாக முடிந்தது. ஒன்பதாவது நாள் நடந்து வீட்டுக்கு வந்தார். சம்பந்தியம்மா வாரம் ஒரு முறை பகாவிலிருந்து பஸ் ஏறி வந்து, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லோரும் டாக்டரைப் புகழ்ந்தார்கள். நான் அரிசி அளக்கும்போதெல்லாம் டின்னுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். நல்லவேளை கட்டவிடவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை. அதை இங்கே மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

தீபாவளிக்கு அவர் அந்த வேட்டியைக் கேட்டார். சலவைக்குப் போட வேண்டும் என்றேன். பொங்கலுக்கு மறுபடி கேட்டார். எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டது என்றேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அவர் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அரிசி டின்னுக்குப் பின்னாடி இருக்கு," என்றார்.

நான் கரண்டியை விடவில்லை.

"தீவாளிக்கே பாத்துட்டேன். எடுத்துக் கட்டியிருப்பேன். கட்டினா நீ நாளெல்லாம் என் நெஞ்சையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப. எதுக்குலா. உனக்கா மனசு வர்றப்ப எடுத்துக் குடு."

அடுத்த ஓணத்துக்குக் கட்டலாம் என்றேன். அன்றைக்கு அதை மனதாரத்தான் சொன்னேன். ஆள் தேறிவிட்டார், கன்னத்தில் சதை பிடித்திருந்தது. இன்னும் ஏழெட்டு மாதம் போகட்டும், பயமும் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

நோன்புப் பெருநாளன்று காலை, பசியாறிவிட்டு வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் மூங்கிலில் வேகவைத்த லெமாங்கும் ரெண்டாங் கறியும் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஒரு துண்டு சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. பேப்பர் மடியில் இருந்தது. காப்பி பாதி குடித்திருந்தது.

மகளும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் வந்துசேர்ந்தபோது வீடு நிறைந்திருந்தது. சம்பந்தியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். குளிப்பாட்டிய பிறகு, சடங்கு செய்ய வந்த பெரியவர் உள்ளே வந்து கேட்டார்.

"கோடி வேட்டி எங்கம்மா? சவப்பெட்டிக்காரன் குடுக்கறது சேராது. வீட்டுலேருந்து வரணும். தண்ணி படாத புதுசா இருக்கணும்."

மாப்பிள்ளை கார்ச் சாவியை எடுத்தான். லுக்குட்டில் தேடி, போர்ட்டிக்சன்வரை ஓடிவிட்டு வந்தான். பெருநாள், ஒரு துணிக்கடையும் திறக்கவில்லை. இரண்டு மணிக்குச் சிரம்பானில் தகனம். அவருடைய வேட்டிகள் அலமாரியில் அடுக்கி இருந்தன, எல்லாம் கட்டித் துவைத்தவை. பெரியவர் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். சம்பந்தியம்மா பின்னால் வந்தார். அரிசி டின்னை நகர்த்திக் கையை விட்டு எடுத்தேன். உறைமேல் அரிசித் தூசு. மடிப்பு கலையவில்லை. மூலையில் அந்த மஞ்சள் அப்படியே இருந்தது. அதை அவரிடம் நீட்டினேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் உறையைப் பிரித்து வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். 

"ஒரு தடவகூடக் கட்டலையா, அக்கா?"

"இல்ல."

"தண்ணி?"

"படல."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வேட்டியின் ஒரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு, மறு நுனியை என் கையில் கொடுத்தார். இரண்டு பேருமாக அதைக் கூடத்துக்குக் கொண்டுபோனோம்.

நான் ஒளித்து வைக்காமல் இருந்திருந்தால், அந்த ஓணத்தன்றே அவர் அதைக் கட்டியிருப்பார். பாயசம் சிந்தியிருக்கும், நான் சத்தம் போட்டுக்கொண்டே சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருப்பேன். அன்றோடு அது வேட்டியாகியிருக்கும். ஏழு மாதம் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்து, அதைக் கோடியாகவே காப்பாற்றியது நான்தான்.